நீ சொன்னது தூக்காதீங்க, அவனுக்கு எட்டியது தூக்குங்க

அருள், நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைத் தொடாமல் நீ எழுந்தபோதே உன் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் யார்டு பேச்சை எடுத்ததும் என்ன சொன்னாய்? "உனுக்கு இந்தக் காலத்து வேலையெல்லாம் புரியாது நைனா, வுடு." அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாய். எழுந்து போகிற ஆளோடு எப்படிப் பேசுவது? கடிதமென்றால் நீ எழுந்து போனாலும் அது மேஜை மேலேயே கிடக்கும். நீ திரும்பி வந்தாக வேண்டும். அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத நான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மனைவி ஷீலா. "மாமா, நீங்க பேசறத அப்டியே எழுதுனா படிக்கறவங்க திணறிடுவாங்க" என்று சொல்லி எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். மாற்றட்டும். ஆனால் யார் யாரிடம் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசியபடியே எழுதம்மா என்று கேட்டுக்கொண்டேன். உன் மேனேஜரைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தையை எழுதவே மாட்டேன் என்றுவிட்டாள். இந்தக் கடிதம் உனக்கு மட்டுமானதும் அல்ல. திங்கட்கிழமை உன் கம்பெனியில் விசாரணை முடிந்ததும் திருவொற்றியூரில் நம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்துப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். விசாரணையில் நீ எப்படி நடந்துகொண்டாலும் ஒட்டுவார்கள். உனக்குத் தெரியாமல் ஒட்டினேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது, அதற்காக முதல் பிரதி உன் கைக்கு வருகிறது.

பலகையில் படிக்கப்போகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் தாண்டி இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் நீ ஷிஃப்ட் சூப்பர்வைசர். கிரேன் ஓட்டுகிற காஜா வண்ணாரப்பேட்டைக்காரன், உன்னைவிட வயதில் மூத்தவன், நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் யார்டு முழுவதும் காட்டியவன். அன்று மத்தியானம் ஒரு ட்ரெய்லர் வந்து நின்றது. பெட்டியின் நான்கு மூலையிலும் அதை வண்டியோடு பிடித்து வைக்கிற பூட்டு உண்டு. நான்கும் திறந்த பிறகுதான் பெட்டியைத் தூக்க வேண்டும். பின்பக்க மூலையில் ஒன்று திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்தவன் நீ. உடனே வாக்கி டாக்கியில், "அண்ணே, இப்ப தூக்காதீங்க" என்றாய். மேலே கண்ணாடிக் கூண்டில் இருந்த காஜா தூக்கினான். பெட்டியோடு சேர்ந்து வண்டியின் பின்பக்கமும் எழும்பியது, பூட்டு பிய்ந்தது, வண்டி வந்து தரையில் அடித்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் மாரிமுத்துவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனிதன், இப்போது கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். காஜாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் வாக்கி டாக்கி செட்டில் பேசுவது எதுவும் பதிவாவதில்லை என்பதால் உன் வாய்தான் சாட்சி. தெளிவாகச் சொல்லியும் ஆபரேட்டர் மதிக்கவில்லை என்று கம்பெனி எழுதி வைத்துவிட்டது. திங்கட்கிழமை நீ அதில் கையெழுத்துப் போட்டால் காஜாவுக்கு வேலை போகும். உனக்கு மேனேஜர் நாற்காலி வரும் என்று பேச்சு.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலியேம்மா. தூக்காதீங்கன்னு சொன்னேன்ல? வாயத் தொறந்து சொன்னேன்ல?" என்று உன் அம்மாவிடம் கத்தினாயாம். சொன்னாய், யார் இல்லை என்றது? உன் வாயிலிருந்து கிளம்பியது அதுதான். காஜாவின் காதில் போய் இறங்கியது "தூக்... ங்க". நடுவில் இருந்ததைச் செட்டின் கொரகொரப்பும் கடல் காற்றும் தின்றுவிட்டன. தூக்காதீங்க, தூக்குங்க. இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பார். தலையும் ஒன்று, வாலும் ஒன்று. வேண்டாம் என்பதை நாம் தனியாகச் சொல்வதில்லை, வார்த்தைக்குள் கொண்டுபோய்ச் செருகி வைக்கிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இன்ஜின் ஓடுகிற இடத்தில் முதலில் காணாமல் போவது அந்தச் செருகல்தான். நீ கிளப்பி அனுப்பிய வார்த்தைக்கு மட்டும் கணக்குச் சொல்கிறாய். போய்ச் சேர்ந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? அதுவும் உன் வாயிலிருந்து போனதுதானே?

இது நம் வீட்டுக்குப் புதிதா என்ன? உன் சித்தப்பா வீட்டுக்காரர்கள் சாப்பிட வந்த அன்று அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. உன் அம்மா பின்பக்கம் மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டே, "யோவ், கேஸ அணைக்காதய்யா!" என்று கத்தினாள். எனக்குக் கேட்டது "அணை... யா". போய் அணைத்துவிட்டு, பெரிய உதவி செய்தவன் மாதிரி வந்து உட்கார்ந்தேன். இலை போட்ட பிறகு பார்த்தால் கறி கல்லு மாதிரி இருக்கிறது. "செவுட்டு மனுசா, அணைக்காதன்னு தொண்ட கிழியக் கத்துனேனே!" "அணைன்னுதானடி சொன்ன!" என்று எல்லோர் முன்னாலும் சண்டை. நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். கடைசியில் உன் அம்மாதான் முடித்துவைத்தாள். "இனிமே உங்கிட்ட அத செய்யாத இத செய்யாதன்னு சொன்னா என்னச் செருப்பால அடி. எரியட்டும்னா எரியட்டும், அவ்ளோதான்." அன்றிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான். கதவைச் சாத்தாதே என்று அவள் சொல்ல மாட்டாள், திறந்தே கிடக்கட்டும் என்பாள். நீ அந்த வீட்டில் வளர்ந்தவன். ஒரு மனிதன் கூண்டில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதைச் செய்யக் கூடாது என்று அவனுக்குச் சொல்லாதே, எதைச் செய்ய வேண்டும் என்று சொல். நில். அப்படியே வை. கையை எடு. அதற்கு வேண்டிய வார்த்தைகள் உன்னிடம் இல்லையா? இருந்தன. நீதான் தூக்கி எறிந்தாய்.

எங்கள் காலத்தில் கப்பலில் சரக்கைத் தூக்கச் சொல்ல 'ஆபீஸ்' என்போம், இறக்கச் சொல்ல 'ஆரியா' என்போம். எந்த நாட்டுப் பேச்சோ, யார் கொண்டுவந்து போட்டார்களோ, எனக்குத் தெரியாது. ஒன்று பாம்பு மாதிரி சீறி முடியும், இன்னொன்று வாயைத் திறந்து முடியும். எவ்வளவு சத்தத்திலும் மாறிக் கேட்காது. கூடவே கையும் பேசும். நிறுத்துவதற்கு 'ஓல்டான்', பஸ்ஸில் கண்டக்டர் போடுகிற அதே ஓல்டான். ஆனாலும் எங்கள் வார்த்தைகளில் கோளாறே இல்லை என்று நான் பெருமை பீற்ற மாட்டேன். ஒரு தடவை புதிதாக வந்த கிளார்க் ஒருவர் கப்பல் மேல் ஏறி வந்து, "ஏம்ப்பா, ஆபீஸ்?" என்று யாரையோ பார்த்து உரக்கக் கேட்டார். சரக்கு தூக்கும் யந்திரத்தை ஓட்டுகிற வின்ச்காரன் பாதி கட்டியிருந்த வெங்காய மூட்டைகளைத் தூக்கிவிட்டான். மேலே போன மூட்டை அவிழ்ந்து கப்பல் தளம் முழுக்க வெங்காயம். நடுவில் கிளார்க் உட்கார்ந்திருக்கிறார். வின்ச்காரன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், நீதானே ஆபீஸுன்ன, தூக்கிக்கினேன்" என்றான். நாங்கள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. சிரித்து முடித்ததும் ஒரு ஏற்பாடு செய்தோம். சரக்கு தொங்கும்போது சிக்னல் கொடுக்கிறவன் மட்டும்தான் வாய் திறக்க வேண்டும், கேப்டனே வந்தாலும் மற்ற வாய்கள் மூடியிருக்க வேண்டும். தவறு நடந்தது, காரணத்தைத் தேடினோம், மாற்றினோம். வின்ச்காரனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதைத்தான் உன் கம்பெனிக்காரர்களிடம் கேட்கிறேன். அவர்கள் காரணத்தைத் தேடுகிறார்களா, ஆளைத் தேடுகிறார்களா?

நீ எப்போது அந்த வார்த்தைகளை விட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் ஆனதற்கு ஹோட்டலில் விருந்து கொடுத்தாயே, உன் மேனேஜரும் வந்திருந்தார். பரிமாறுகிற ஆள் என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தான். போதும் தம்பி என்றேன், கேட்கவில்லை. வழிகிற நேரத்தில் "ஓல்டான்!" என்றேன். சட்டென்று நின்றது கரண்டி. மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், மேனேஜர் கைதட்டிச் சிரித்தார். நீ மட்டும் சிரிக்காமல் குனிந்து என் காதில் சொன்னாய், "நைனா, இது இன்னா பதினஞ்சாம் நம்பர் பஸ்ஸா? கொஞ்சம் டீசண்டா பேசு நைனா, ப்ளீஸ்." நான் சூப்பைக் குடித்தேன். கோபம் வந்தது என் பேச்சை நீ திருத்தியதற்காக இல்லை. 'போதும் தம்பி' நிறுத்தாத கரண்டியை அந்த ஒரு சொல் நிறுத்தியது, அது உன் கண்ணில் படவே இல்லை. சினிமாவில் நம்மைப் போலப் பேசுகிறவனை அடியாளாகவோ கோமாளியாகவோ நிற்க வைக்கிறார்கள் என்பதற்காக, யார்டில் நிற்கும்போது நீ நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா? நம் பேச்சு கலீஜ் என்று எவனோ சொன்னான், நீயும் நம்பிவிட்டாய்.

யார்டில் உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கக் கம்பெனி கூட்டிவந்த அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பில் என்ன சொன்னார் என்று காஜாவே என்னிடம் சொன்னான். வேலையாட்களை வாடா போடா என்று கூப்பிடாதீர்கள் என்றார். நியாயம்தான், எங்கள் மேஸ்திரிகள் வாயைத் திறந்தால் அம்மா அக்காவெல்லாம் வந்து விழுவார்கள், அந்த அசிங்கத்தை நான் நல்ல பேச்சு என்று சொல்ல மாட்டேன். அதோடு அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். உத்தரவு வாங்குகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கொடுத்தவன் அதைக் கேட்டு 'ஆமாம்' என்ற பிறகுதான் கை அசைய வேண்டும் என்று. கேட்டதும் எனக்கு அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றியது. நீ அவர் சொன்னதில் மரியாதைக்குச் சேர்க்கிற 'ங்க'வை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாய், திருப்பிச் சொல்வதை வகுப்பிலேயே விட்டுவிட்டாய். அது நேரம் பிடிக்கிற வேலை, இல்லையா?

இப்போது காஜா வந்த கதை. போன வாரம் ஒரு சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தான். உன் அம்மா டீ கொடுத்தாள், அவன் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். உன்னைத் திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவன் மெதுவாகச் சொன்னான்.

"மாமு, அன்னிக்கு எனுக்குக் காதுல சரியா வுழல. தூக்குன்ற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஒரு டவுட்டு. திருப்பிக் கேக்கலாம்னு செட்டுல கைய வெச்சேன்."

"அப்புறம் இன்னாத்துக்குடா கைய எடுத்த? கேக்க வேண்டியதுதானே?"

"அதுக்கு முன்னாடி ஒரு தபா கேட்டேன் மாமு. உம் புள்ள சொன்னான், ஒரு தடவ சொன்னா புரியாதாண்ணே, காது கேக்கலன்னா டெஸ்ட் எடுத்துக்கோங்கண்ணேன்னு. எல்லார் செட்லயும் கேட்டுச்சு. யார்டே சிரிச்சுகினு கீது. அப்புறம் எங்கேர்ந்து கேக்கறது?"

"மரியாதையா சொன்னானா?" என்றேன், எனக்கு வந்த ஆத்திரத்தில்.

"மரியாதையாத்தான் சொன்னான் மாமு. அவன் நல்ல புள்ள" என்றான் அந்தப் பைத்தியக்காரன்.

அண்ணே என்றாய், எடுத்துக்கோங்க என்றாய். ஒரு வார்த்தையில் மரியாதை குறையவில்லை. அந்த மரியாதையை வைத்தே ஒரு மனிதனின் வாயைக் கட்டிவிட்டாய். என் மேஸ்திரி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான், ஆனால் இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை சொல்வான், திட்டிக்கொண்டே சொல்வான். யார் கேட்டாலும் சொல்வான். செட்டில் வைத்த கையைக் காஜா எடுத்தானே, மாரிமுத்துவின் தோள் உடைந்தது அப்போதுதான். வண்டி தரையில் அடித்தது அதற்கப்புறம் நடந்தது. இதை நான் உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன், நீ உட்கார்ந்திருந்தால்.

பழி முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. செட் கொரகொரவென்று இருப்பது மழைக்காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். நீ மேனேஜரிடம் போய்ச் சொன்னாய் என்று ஷீலா சொல்கிறாள். எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "டைம் இருக்கும்போது செட்ட கொஞ்சம் பாத்தா நல்லாருக்கும் சார்" என்றாயாம். அவர் "பாக்கலாம்" என்றாராம். நீ "சரி சார்" என்று வந்துவிட்டாயாம். என்ன பேச்சு இது? அதில் எங்கே இருக்கிறது ஆபத்து? எங்கே இருக்கிறான் அடிபடப்போகிற ஆள்? பஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வைத்துக் கொடுத்தாய், அவர் பஞ்சைத் தொட்டுப் பார்த்து மேஜையில் வைத்துவிட்டார். "சார், செட்டுல பேச்சு பாதிதான் கேக்குது, இத வெச்சு பொட்டி தூக்கினா ஆளு சாவான், இன்னிக்கே மாத்துங்க" என்று சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார். படட்டும். கோபப்பட்டால் காதில் விழுந்தது என்று அர்த்தம். கீழே இருப்பவனிடம் சுருக்கென்று குத்துகிற நாக்கு மேலே இருப்பவரிடம் மட்டும் ஏன் வெண்ணெயாகிறது? நாலு பேர் நடுவில் காஜாவிடம் காட்டிய தைரியத்தில் பாதியை மேனேஜரின் ஏசி அறையில் காட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை.

திங்கட்கிழமை அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போய் நான் இப்படிச் சொன்னேன், அது அப்படிக் கேட்டிருக்கும் என்று சொல். செட் கெட்டுப்போனது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று சொல். முன்பு ஒரு தடவை அவர் திருப்பிக் கேட்டபோது நான் எல்லோர் காதிலும் விழ அவமானப்படுத்தினேன், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை என்று சொல். இந்தக் கடைசி விஷயம் நீ சொன்னால்தான் உண்டு. காஜா அங்கே அதைச் சொல்ல மாட்டான். என்னிடம் சொன்னதே டீ ஆறிப்போன பிறகுதான். இங்கிலீஷில் சொன்னால்தான் ஏறும் என்று நினைக்காதே, அச்சடித்த தமிழும் வேண்டாம். அம்மாவிடம் "சொன்னேன்ல" என்று கத்தினாயே, அந்த வாயால் சொல். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து மறுபடி சொல்.

மேனேஜர் வேலை கிடைக்காமல் போகும் என்பாய். போகட்டும். உனக்கே வேலை போகலாம் என்பாய். அதுவும் போகலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. இந்தக் கரையில் எத்தனை யார்டு, எத்தனை கம்பெனி இருக்கிறது. காட்டுப்பள்ளி வரைக்கும் உன் காலால் நடந்து ஒவ்வொரு கேட்டிலும் கேள். காஜாவின் பெயரில் 'சொன்னதை மதிக்காதவன்' என்று எழுதிவிட்டால் அவனுக்கு எந்தக் கேட்டும் திறக்காது. அந்த வயதில் கிரேனை விட்டு இறக்கிவிட்டால் எங்கே போவான்? நீ இறங்கினால் மறுபடி ஏற உனக்கு நாள் இருக்கிறது. ஷீலா இதை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பயமா இருக்காம்மா என்று கேட்டேன். "பயமாதான் மாமா இருக்கு. எழுதறேன், நீங்க சொல்லுங்க" என்றாள். உன் வீட்டில் நேராகப் பேசத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறாள், அவளிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று. இதை நான் உன்னிடம் கேட்கவில்லை, செய்துவிட்டுச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டி உன்னை ஏற்ற வராது, நீயே வந்துகொள்வதாக ஷீலா அந்த வண்டி டிரைவருக்குச் சொல்லிவிட்டாள். எம்.கே.பி. நகரில் உன் வீட்டுக்குக் கீழே காஜா பைக்கோடு நிற்பான். அவனையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் நீ பேசி முடிக்கிறவரை கேட்டுக்கு வெளியே உட்கார வேண்டுமாம். முதலில் வர மாட்டேன் என்றான், நான் விடவில்லை. அவன் பின்னால் ஏறி உட்கார். எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போக நேரமாகும், அவன் முதுகு உன் முகத்துக்கு முன்னாலேயே இருக்கும். பேச வேண்டியதை முதலில் அந்த முதுகிடம் பேசு. காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பேசு. அதற்குப் பிறகும் உள்ளே போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட உனக்குக் கை வருமானால் போட்டுக்கொள். வெளியே உட்கார்ந்திருக்கிறவனிடம் அதை வேறு யாரும் போய்ச் சொல்லக் கூடாது. நீயே கேட்டுக்கு வந்து அவனிடம் சொல். பிறகு அவன் பைக்கிலேயே ஏறி வீட்டுக்கு வா.